வேரா, கனியா, வாசலா? இரட்சிப்பில் கீழ்ப்படிதலின் இடம் பற்றிய நான்கு போதனைகள்

தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான ஒரே லயத்தில் நான்கு விதக் கிறிஸ்தவர்கள் இருப்பது இலங்கை மலையகத்தில் புதுமை இல்லை. ஒரு காம்பராவில் ஜெபமாலை தொங்கும். அடுத்ததில் அங்கிலிக்கன் சபையில் திடப்படுத்தல் எடுத்த பாட்டி இருப்பார். அதற்கடுத்த வீட்டில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். கடைசி வீட்டில் மெதடிஸ்தக் குடும்பம். இப்படி இருக்கும் இடத்தில்தான் ஒருவரிடம், "குழந்தையில் தெளித்த தண்ணீர் செல்லாது, முழுக்கு எடு" என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். "கோயிலை விட்டுப் போனால் அருளை இழந்துவிடுவாய்" என்று மறுபக்கம் சொல்கிறார்கள். இந்துக் குடும்பத்திலிருந்து கிறிஸ்துவிடம் வருகிறவருக்கு எந்த வகுப்பில் போய் உட்காருவது என்று தெரிவதில்லை. கலப்புத் திருமணம் செய்த பெற்றோருக்குப் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்ற குழப்பம்.

கேள்விகள் பலவாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். கடவுள் இலவசமாகவே மீட்கிறார் என்றால், நான் கீழ்ப்படிவது எதற்கு? கீழ்ப்படியாவிட்டால் என்ன ஆகும்? சபைக்குச் சபை வேறுபடும் விடை இதற்குத்தான். கீழ்ப்படிதல் வேண்டவே வேண்டாம் என்று பொறுப்புள்ள எந்தச் சபையும் சொல்வதில்லை. அதை எந்த இடத்தில் வைக்கிறார்கள் என்பதைப் பார்த்தால் முடிவெடுப்பது எளிதாகும்.

சொற்களை முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்

பாதி வாக்குவாதம் சொற்களிலேயே சிக்கிக்கொள்கிறது. கத்தோலிக்கர் வாசிப்பது 1995இல் வெளிவந்த வேதாகமப் பொது மொழிபெயர்ப்பு. மற்றச் சபையார் கையில் பெரும்பாலும் இருப்பது பழைய திருப்புதல். முன்னதில் அருள், நம்பிக்கை, மீட்பு, திருமுழுக்கு என்று வரும். பின்னதில் கிருபை, விசுவாசம், இரட்சிப்பு, ஞானஸ்நானம் என்று வரும். பொருள் ஒன்றுதான். ஆனால் ஓரிடத்தில் கால் இடறும். 1 கொரிந்தியர் 13:13ஐப் பழையதில் "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்று வாசிக்கிறோம். புதியதில் அது "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு". கத்தோலிக்க மாமியார் "நம்பிக்கை" என்று சொல்வது மருமகளின் வேதாகமத்தில் உள்ள "விசுவாசம்". மருமகள் அதே "நம்பிக்கை"யைச் சொன்னால் அது இனி வரப்போவதைக் காத்திருக்கும் மனநிலை. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இருவர் ஒரு மணி நேரம் தகராறு செய்ய இது போதும்.

இன்னொரு சொல் "நீதிமானாக்கப்படுதல்". பவுல் எழுதிய கிரேக்க வினை நீதிமன்றத்துச் சொல். குற்றமில்லை என்று தீர்ப்புச் சொல்வதை அது குறிக்கும். தமிழில் "ஆக்குதல்" என்று வந்ததும் ஆளையே உள்ளுக்குள் மாற்றிச் செய்வதுபோல் காதில் விழுகிறது. தீர்ப்பா, ஆக்கமா? 16ஆம் நூற்றாண்டில் மேற்குத் திருச்சபை பிளந்தபோது நடந்த வழக்கின் மையமே இதுதான். பழைய திருப்புதலை வைத்துக்கொண்டு "தீர்ப்பு மட்டுமே" என்று போதிக்கிற போதகர், சொல் தனக்கு எதிராக ஒலிக்கிறது என்பதை அறிந்து விளக்கிச் சொல்ல வேண்டும்.

"விசுவாசம்" பற்றியும் ஒரு குறிப்பு. வீட்டு நாயை விசுவாசமுள்ளது என்கிறோம். எஜமான விசுவாசம் என்கிறோம். தமிழ்க் காதுக்கு அந்தச் சொல்லில் பற்றும் நன்றியும் சேர்ந்தே ஒலிக்கின்றன. மூலக் கிரேக்கச் சொல்லான பிஸ்டிஸ் என்பதற்கும் நம்புவது, நம்பத்தக்கவராய் நிற்பது என்ற இரண்டு பொருளும் உண்டு. கீழ்ப்படிதலைப் பேச்சு வழக்கில் "சொல் கேட்பது" என்போம். புதிய ஏற்பாட்டில் அதற்கு உள்ள கிரேக்கச் சொல்லும் கேட்டல் என்ற வேரில் பிறந்ததுதான். நம்பாதவருடைய சொல்லை யாரும் மனதாரக் கேட்பதில்லை. அதனால் விசுவாசத்தையும் கீழ்ப்படிதலையும் இரண்டு எதிர்க்கட்சிகளாக நிறுத்தும் பிரசங்கம் எதுவானாலும் கொஞ்சம் எச்சரிக்கையோடு கேளுங்கள்.

பேர் போடும் கணக்கும் துண்டுக் கடனும்

தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் நிற்பது முதல் மடுவம் என்னும் கொட்டகையில் கொழுந்து நிறுக்கும் வரை நாள் முழுவதும் ஓடுவது ஒரே கணக்கு. சொன்ன கிலோ நிறைந்தால் பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். கூடினால் கைக்காசு. இந்தக் கணக்கில் மூன்று நான்கு தலைமுறையாக வளர்ந்த மனம், கடவுளையும் தராசுக்குப் பின்னால் நிறுத்திவிடுவது இயல்பு. "இந்த மாதம் ஜெபம் குறைந்துவிட்டது, அதனால்தான் பிள்ளைக்குக் காய்ச்சல்" என்ற பேச்சு அங்கிருந்துதான் வருகிறது. ரோமர் 4:4இல் பவுல் எடுத்துக்கொள்வதும் இதே கூலிக் கணக்குதான். உழைத்தவனுக்குக் கொடுப்பது கடமைப்பட்ட கூலி, அதைக் கிருபை என்று யாரும் சொல்வதில்லை என்கிறார்.

இதைவிட ஆழமான ஒரு தழும்பு துண்டு முறை. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிப்போம் என்று எழுதிய துண்டு வேண்டும். புதிய இடத்தில் அதைக் கட்டுவார்கள். கட்டியதும் கடன் தீர்ந்துவிடாது. புதிய கணக்கில் ஏறி ஆளோடு சேர்ந்தே வரும். 1921இல் சட்டத்தால் இது ஒழிக்கப்பட்டது. ஆனால் பிரசங்கத்தில் இன்னும் ஒழியவில்லை. "கிறிஸ்து உன் கடனைக் கட்டிவிட்டார், ஆகவே ஆயுள் முழுக்க நீ அவருக்கு உழைத்துத் தீர்க்க வேண்டும்" என்று சொல்கிற போதகர், தன்னை அறியாமலே துண்டு முறையைக் கிருபை என்ற பெயரில் போதிக்கிறார். கொலோசெயர் 2:14 சொல்வது வேறு. நமக்கு எதிராக இருந்த கையெழுத்து அழிக்கப்பட்டுச் சிலுவையில் ஆணியடிக்கப்பட்டது. வேறு பேரேட்டுக்கு மாற்றப்படவில்லை. கீழே உள்ள நான்கு போதனைகளையும் இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டே பார்க்கலாம். நான்குமே நன்றாகப் போதிக்கப்படும்போது துண்டுக்கு எதிரானவை. மோசமாகப் போதிக்கப்படும்போது நான்குமே துண்டாகிவிடக்கூடியவை.

கீழ்ப்படிதல் கனி: விசுவாசத்தினால் மாத்திரம்

16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் முதல், சீர்திருத்தச் சபைகள், அங்கிலிக்கன் சபையின் 39 பிரமாணங்கள், பாப்டிஸ்டுகள் வரை நீளும் வரிசை இது. ரோமர் 3:28, எபேசியர் 2:8-9 இவற்றின் அடிக்கல். கிறிஸ்துவின் நீதி விசுவாசிக்கிறவனுடையதாக எண்ணப்படுகிறது. அந்தத் தீர்ப்பில் நம்முடைய செயலுக்குப் பங்கில்லை. 39 பிரமாணங்களில் 11ஆவது இதைச் சொல்கிறது. உடனே 12ஆவது, நற்கிரியைகள் பாவத்தைப் போக்காது, ஆனால் உயிருள்ள விசுவாசத்திலிருந்து அவை தவறாமல் முளைக்கும் என்கிறது. இரண்டையும் சேர்த்து வாசிக்காதவர்களே "நம்பினால் போதும், எப்படியும் வாழலாம்" என்ற முடிவுக்கு வருகிறார்கள்.

இந்தப் போதனையின் பலம் மரணப் படுக்கையில் தெரியும். இயேசுவோடு சிலுவையில் தொங்கிய, ஒரு நற்செயலும் செய்ய நேரமில்லாத கள்ளனுக்கு, இன்றைக்கே பரதீசு என்று இயேசு சொன்னார் (லூக்கா 23:43). அந்த வசனத்துக்கு இதைப்போல் நேராக விளக்கம் சொல்லும் போதனை வேறில்லை.

பழுதாகும் இடமும் உண்டு. எழுப்புதல் கூட்டத்தில் ஒரு ஜெபத்தைத் திருப்பிச் சொன்ன திகதியே இரட்சிப்பின் சான்றாகிவிடுகிறது. சம்பள நாள் இரவில் குடித்துவிட்டு மனைவியை அடிக்கும் ஒருவர், அந்தத் திகதியைக் காட்டிச் சமாதானம் அடைவதைக் கனி என்று சொல்ல முடியாது. எதிர்ப்பக்கமும் உண்டு. மென்மையான மனம் உள்ளவர், "நான் உண்மையாகவே விசுவாசித்தேனா?" என்று தன்னுள்ளேயே தோண்டிக்கொண்டிருப்பார். விசுவாசத்தையே அளந்து பார்க்கத் தொடங்கினால் அதுவும் ஒரு கிலோக் கணக்குதான். விசுவாசித்தவர் பின்பு விழுந்துபோக முடியுமா என்பதில் இந்த வரிசைக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. சீர்திருத்தச் சபைகளின் ஆசிரியரான கல்வினின் வழியில் வந்தவர்கள் முடியாது என்பார்கள். லூத்தரன்கள் முடியும் என்பார்கள். எனவே "விசுவாசம் மாத்திரம்" என்று சொல்லும் போதகரிடம் இதைத் தனியாகக் கேளுங்கள்.

கீழ்ப்படிதல் ஒத்துழைப்பு: கத்தோலிக்கப் போதனை

இதைப் பற்றி மற்றச் சபைகளில் சொல்லப்படுவதில் பெரும்பகுதி தவறு என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "கத்தோலிக்கர் நற்செயலால் மோட்சம் போகப் பார்க்கிறார்கள்" என்பது அந்தத் திருச்சபையின் போதனை அல்ல. சீர்திருத்தத்துக்குப் பதிலாகக் கூடிய கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்துப் பொதுச்சங்கம் 1547 ஜனவரி 13இல் வெளியிட்ட தீர்மானத்தின் முதல் விதியே, அருள் இல்லாமல் தன் செயல்களால் மனிதன் ஏற்புடையவன் (பழைய திருப்புதலில் நீதிமான்) ஆகலாம் என்பவரைக் கண்டிக்கிறது. ஏற்புடையவராவதற்கு முன் வரும் நம்பிக்கையோ செயலோ எதுவும் அந்த அருளை ஈட்டித்தருவதில்லை என்றும் அதே தீர்மானம் சொல்கிறது.

வேறுபாடு அதற்குப் பின்தான். அருள் முந்தி வருகிறது, மனிதன் அதற்கு இணங்குகிறான். அந்த இணக்கமும் அருளால் இயலுவதே. திருமுழுக்கில் பாவம் மன்னிக்கப்படுவதோடு உள்ளமும் புதுப்பிக்கப்படுகிறது. ஆகவே இங்கே தீர்ப்பும் ஆக்கமும் ஒன்றாகவே வருகின்றன. அன்பின் வழியாய்ச் செயலாற்றும் நம்பிக்கை (கலாத்தியர் 5:6) என்பதே அவர்கள் சொல்லும் நம்பிக்கை. கீழ்ப்படிதலில் அது வளரும், சாவான பாவத்தால் இழக்கப்படும். சாவான பாவம் என்பதற்கு மூன்று நிபந்தனைகள் சேர வேண்டும். காரியம் கனமானதாக இருக்க வேண்டும், அது கனமானது என்ற முழு அறிவு வேண்டும், மனதார இசைந்து செய்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது சாவான பாவமாகாது. இந்த மூன்றையும் படிப்பிக்காமல் விட்டதால், மழையில் பாதை உடைந்து பூசைக்குப் போக முடியாத ஞாயிறுக்காகக்கூட நடுங்கும் தாய்மார் இருக்கிறார்கள்.

தோட்டத்துக்குக் குருவானவர் மாதம் ஒருமுறைதான் வர முடிகிறது என்றால் என்ன செய்வது? திருச்சபைச் சட்டம் 1248இன் இரண்டாம் பிரிவு இதற்கு வழி சொல்கிறது. குரு இல்லாமையாலோ வேறு கனமான காரணத்தாலோ திருப்பலிக்குப் போக முடியாதபோது, இறைவார்த்தை வழிபாட்டில் பங்கெடுக்கவோ குடும்பமாகச் செபிக்கவோ அது பரிந்துரைக்கிறது. பாவத்தைக் குருவிடம் அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆள் இல்லாத நேரத்தில், தண்டனைக்குப் பயந்து அல்லாமல் கடவுள்மேல் உள்ள அன்பினால் எழும் உத்தம மனஸ்தாபமும், முடிந்தவுடன் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற உறுதியும் இருந்தால் சாவான பாவமும் மன்னிக்கப்படும் என்று மறைக்கல்வி சொல்கிறது. உபதேசியார் ஒவ்வொருவரும் தோட்டத்துக் கோயிலில் சத்தமாகச் சொல்ல வேண்டிய செய்தி இது.

இந்தப் போதனையின் பலம், விழுந்தவருக்குத் திரும்பி வரும் பாதை தெளிவாகப் போடப்பட்டிருப்பது. பழுதாவது, திருமுழுக்கு போன்ற அருட்சாதனம் கல்யாணத்துக்கான சீட்டாக மாறும்போது. பெண் எடுப்பதற்காக மூன்று மாதம் வகுப்புக்கு வந்து, திருமுழுக்குப் பெற்று, அதோடு நின்றுவிடுகிறவரிடம் எந்த ஒத்துழைப்பும் இல்லை.

முதல் இரண்டு போதனைகளுக்கும் இடையில் இருந்த மதில் இன்று முன்பிருந்த உயரத்தில் இல்லை. 1999 ஒக்டோபர் 31இல் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூத்தரன் கூட்டமைப்பும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டு அறிக்கையில் ஆக்ஸ்பர்க்கில் கையெழுத்திட்டன. உலக மெதடிஸ்தப் பேரவை 2006இல் அதோடு இணைந்தது. நம் தகுதியால் அல்ல, கிருபையால் மாத்திரமே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், நற்செயலுக்கு அழைக்கவும் படுகிறோம் என்பது இன்று அவர்கள் சேர்ந்து சொல்லும் வார்த்தை. லயத்தில் இது இன்னும் போய்ச் சேரவில்லை என்பது வருத்தம்.

கீழ்ப்படிதல் நடை: வெஸ்லியின் வழி

மெதடிஸ்த மிஷன் இலங்கைக்கு வந்தது 1814இல். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி மூன்று படி சொன்னார். நாம் தேடுமுன்பே நம்மைத் தேடி வரும் முந்துகிருபை, நீதிமானாக்கும் கிருபை, பரிசுத்தமாக்கும் கிருபை. நீதிமானாவது விசுவாசத்தினால் மாத்திரம் என்பதில் அவர் லூத்தரோடு நிற்கிறார். கிருபையை எதிர்க்க முடியும், பெற்றபின் இழக்கவும் முடியும் என்பதில் கல்வினை விட்டு விலகுகிறார். மனந்திரும்புதலின் கனிகள் தேவை, ஆனால் நேரமும் வாய்ப்பும் இருந்தால் என்று அவர் சொன்னது சிலுவைக் கள்ளனையும் மனதில் வைத்த பேச்சு.

நடைமுறையில் அவர் அமைத்தது சிறு வகுப்பு. ஏறத்தாழ 12 பேர், வாரம் ஒருமுறை, ஒரு தலைவர். தீமை செய்யாதே, நன்மை செய், கிருபையின் சாதனங்களை விடாதே என்று மூன்று பொது விதிகள். ஒருவர் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று மற்றவர் கேட்பார். பாதிரியார் தூரத்தில் இருக்கும் தோட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை என்பது எங்கள் கருத்து. வகுப்பு வம்பு பேசும் இடமாகிவிட்டால் அதே ஏற்பாடு விஷம். அதனால் அங்கே சொன்னது வெளியே போகக்கூடாது என்பதை முதல் வாரமே பேசி முடிவுசெய்யுங்கள்.

கீழ்ப்படிதல் வாசல்: தண்ணீரில் மன்னிப்பு

கிறிஸ்துவின் சபை (Church of Christ) போன்றவற்றின் நான்காவது போதனை, ஞானஸ்நானம் என்னும் கீழ்ப்படிதலின்போதே பாவமன்னிப்புக் கிடைக்கிறது என்கிறது. அப்போஸ்தலர் 2:38, 22:16, 1 பேதுரு 3:21 ஆகியவை ஆதாரங்கள். கேட்டல், விசுவாசித்தல், மனந்திரும்புதல், அறிக்கையிடுதல், ஞானஸ்நானம் என்று ஐந்து படி சொல்வார்கள். தண்ணீரில் மகிமை இருக்கிறது என்று இவர்கள் சொல்வதாக நினைக்க வேண்டாம். குஷ்டரோகியான நாகமான் யோர்தானில் ஏழுமுறை முழுகினார். ஆறு அவரைச் சுத்தமாக்கவில்லை, ஆனால் முழுகாமல் அவர் சுத்தமாகவும் இல்லை. இதுதான் அவர்கள் வாதம்.

பலம், ஒரு மனிதனுக்குத் தன் மன்னிப்பின் நாளும் இடமும் தெரிவது. இடர்ப்படும் இடம், தண்ணீருக்கு முன்பே பரிசுத்த ஆவியைப் பெற்ற கொர்நேலியு வீட்டார் (அப்போஸ்தலர் 10:44-48). ஆற்றுக்குப் போகும் வழியில் இறந்தவர் கதி என்ன என்ற கேள்வியும் இருக்கிறது.

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. பெந்தெகொஸ்தே சபைகளும் அதே ஆற்றில் அதே விதமாக முழுக்குகின்றன. ஆனால் அவற்றில் பல, ஞானஸ்நானம் ஏற்கெனவே கிடைத்த இரட்சிப்புக்குச் சாட்சி மட்டுமே என்று போதிக்கின்றன. ஆறு ஒன்று, போதனை இரண்டு. இறங்குமுன் கேளுங்கள். "இந்தத் தண்ணீருக்கு முன் நான் இரட்சிக்கப்பட்டவனா, இல்லையா?"

பூனைக்குட்டியும் குரங்குக்குட்டியும்

இந்த வழக்கு தமிழ் மண்ணுக்குப் புதிதல்ல. வைணவத்தில் தென்கலையார், தாய்ப்பூனை குட்டியை வாயில் கவ்வித் தூக்குவதுபோல் இறைவன் நம்மைத் தூக்குகிறான் என்றார்கள். வடகலையார், குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றுவதுபோல் நாமும் பற்ற வேண்டும் என்றார்கள். முதல் போதனை பூனைக்குட்டி. இரண்டாவதும் மூன்றாவதும் குரங்குக்குட்டி போலத் தெரியும். ஆனால் திரெந்துச் சங்கமும் வெஸ்லியும் ஒன்றைச் சேர்த்துச் சொல்வார்கள். பற்றுகிற அந்தக் கைக்கு வலு கொடுத்ததும் தாய்தான். பிலிப்பியர் 2:12-13இல் நடுக்கத்தோடே இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்ற அடுத்த மூச்சிலேயே, விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவனே என்று பவுல் எழுதுவது இதைத்தான்.

பவுலும் யாக்கோபும் மோதுகிறார்களே என்பவர்களுக்கு ஒரு விளக்கம். இருவரும் ஆபிரகாமை எடுக்கிறார்கள். பவுல் நிற்பது ஆதியாகமம் 15இல். அங்கே ஆபிரகாமுக்குப் பிள்ளை இல்லை, வாக்கு மட்டும் இருக்கிறது. யாக்கோபு முதலில் போய் நிற்பது 22ஆம் அதிகாரத்தில். ஈசாக்கு பிறந்து, விறகு சுமக்கும் வயதில் மலை ஏறுகிறான். பவுலின் எதிரி, கணக்குக் காட்டிப் பெருமை பேசுகிறவன். யாக்கோபின் எதிரி, வஸ்திரமும் ஆகாரமும் இல்லாத சகோதரனிடம் "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறவன். மார்கழிப் பனியில் ஓட்டைத் தகரத்தின் கீழ் படுத்தவருக்கு யாக்கோபின் கோபம் நன்றாகவே புரியும்.

எல்லாச் சபையிலும் நடக்கும் மூன்று கேடுகள்

முதலாவதும் மோசமானதும், விசுவாசத்தைக் கூலி வேலையாக்குவது. நோய் குணமாகவில்லை என்றால் "உனக்கு விசுவாசம் போதாது" என்று நோயாளியின் தலையில் கட்டுகிறார்கள். சீனி வருத்தத்துக்கான இன்சுலினையும் பிரஷர் குளிசையையும் விசுவாசத்தின் பேரில் நிறுத்தச் சொல்வது உயிருக்கு ஆபத்து. இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிர் போகலாம். சில பிரஷர் குளிசைகளைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் ஒரேயடியாக ஏறும். கிளினிக்கில் வைத்தியர் சொல்லாமல் எந்த மருந்தையும் நிறுத்த வேண்டாம். நான்கு போதனைகளில் எதுவும் இதைக் கேட்கவில்லை.

இரண்டாவது, தேவனுக்குக் கீழ்ப்படிதலையும் தலைவருக்குக் கீழ்ப்படிதலையும் ஒன்றாக்குவது. தசமபாகம் கொடுக்காவிட்டால் சாபம், சபை மாறினால் இரட்சிப்புப் போய்விடும் என்று பயமுறுத்தல் வந்தால் அது கிருபையின் குரல் அல்ல. விருப்பமில்லாமலும் கட்டாயத்தாலும் கொடுக்க வேண்டாம் என்று 2 கொரிந்தியர் 9:7 தெளிவாகவே சொல்கிறது.

மூன்றாவது, இந்து உறவுகளை அறுப்பதையே கீழ்ப்படிதல் என்று படிப்பிப்பது. மற்ற தெய்வத்தை வணங்காமல் இருப்பது ஒன்று. அம்மா பொங்கிய சோற்றைத் தள்ளுவது வேறொன்று. 1 கொரிந்தியர் 10:27-28இன்படி, விருந்துக்கு அழைக்கப்பட்டால் வைத்ததை விசாரிக்காமல் சாப்பிடலாம், படையல் என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் அவருடைய மனச்சாட்சிக்காக விட்டுவிடலாம். பவுலே இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்திருக்கும்போது நாம் மொட்டையாகத் தடைபோடுவது தேவையில்லை. சாவு வீட்டுக்குப் போய்த் தோள் கொடுக்காமல் இருப்பதைப் பரிசுத்தம் என்று சொல்ல வேதத்தில் இடமில்லை.

மறுபடி ஞானஸ்நானம் எடுப்பதா?

முடிவெடுக்கும் கேள்வி இதுதான். ஞானஸ்நானம் முதன்மையாகக் கடவுளின் செயலா, என் பதிலா? கடவுளின் செயல் என்றால், குழந்தையில் கொடுத்ததை இரண்டாம் முறை கொடுப்பது அவருடைய முதல் வார்த்தை போதாது என்பதுபோல் ஆகும். கத்தோலிக்கர், அங்கிலிக்கன், மெதடிஸ்தர் நிற்பது இங்கே. என் பதில் என்றால், விசுவாசிக்காத குழந்தைக்கு நடந்தது ஞானஸ்நானமே அல்ல, ஆகவே இப்போது எடுப்பதுதான் முதலாவது. பாப்டிஸ்டும் பெந்தெகொஸ்தேயும் நான்காம் போதனையாரும் நிற்பது அங்கே. இரண்டும் சரியாக இருக்க முடியாது. நடுவில் பாலம் தேடாமல் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் சாய்வு முதலாவது பக்கம். பயத்தினால் இரண்டாம் முறை இறங்க வேண்டாம் என்றே சொல்வோம். வேதத்தை ஆராய்ந்து மனச்சாட்சியோடு மறுபக்கம் போகிறவரை விசுவாச துரோகி என்றும் சொல்லமாட்டோம்.

நடைமுறை விவரங்கள் இவை. தண்ணீராலும் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தாலும் கொடுக்கப்பட்ட ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கும், மறுபடி கொடுக்காது. நடந்ததா என்று விசாரித்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் மட்டும் "பெறாதிருந்தால்" என்ற நிபந்தனையோடு கொடுப்பார்கள். "இயேசுவின் நாமத்தில்" மட்டும் கொடுக்கப்பட்டதைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்பதில்லை. எனவே எந்த வார்த்தைகளால் கொடுத்தார்கள் என்பதை எழுதி வாங்குங்கள். இரட்சணிய சேனை தண்ணீர் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. அங்கே வளர்ந்தவர் வேறு சபைக்குப் போனால் அங்கேதான் முதன்முதலாகப் பெறுவார். கத்தோலிக்கராகத் திருமுழுக்குப் பெற்றவர் வேறிடத்தில் முழுக்கு எடுத்துவிட்டுத் திரும்பினால், முதலாவதுதான் நிற்கும். ஒப்புரவாகிச் சேர்வார்.

அத்தாட்சிப்பத்திரத்தை, சபை மாறும் எண்ணம் வந்த பின் அல்ல, இப்போதே எடுத்து வையுங்கள். கோயில் பதிவேட்டில் ஞானப்பெயர் மட்டும் இருக்கும், பிறப்பு அத்தாட்சியில் வேறு பெயர் இருக்கும். பெற்றோர் பெயரும் திகதியும் சேர்த்துக் கேட்டால்தான் தேட முடியும்.

புதிதாக வருகிறவர் அவசரப்பட வேண்டியதில்லை. கத்தோலிக்கத்தில் வயது வந்தோர் படிப்படியாக ஆயத்தமாகி, வழக்கமாக உயிர்ப்பு விழாவின் இரவுத் திருவழிபாட்டில் திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், நற்கருணை மூன்றையும் சேர்த்துப் பெறுவார்கள். சில சபைகளில் ஓரிரு வாரத்தில் முடிந்துவிடும். வீட்டில் எதிர்ப்பு இருக்கும்போது மாதக்கணக்கான ஆயத்தமே நல்லது. விசுவாசம் அந்த நாட்களில் காய்ந்துபோகாது, வேர் பிடிக்கும்.

ஆற்றில் முழுக்கு என்றால், மழைக்காலத்தில் மேலே பெய்த மழைக்கு ஓடை நிமிடங்களில் ஏறும் என்பதை மறக்க வேண்டாம். இடுப்பளவுத் தண்ணீர், வழுக்காத தரை, இரு பக்கமும் ஆள், கரையில் போர்வை வேண்டும். வலிப்பு, இருதய வருத்தம் உள்ளவர், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு நுவரெலியாக் குளிரில் அதிகாலை முழுக்கு ஆகாது. ஆதித்திருச்சபையின் டிடாக்கே ஏடே, குளிர்ந்த நீர் இயலாவிட்டால் வெந்நீர், அதுவும் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்று என்று இடம் கொடுத்திருக்கிறது.

எந்த வகுப்பில் சேர்ந்தாலும் முதல் நாளே ஒரு கேள்வியைக் கேளுங்கள். "நாளைக்கு நான் விழுந்துவிட்டால் என்ன செய்வது?" கனி என்பவர் சிலுவையைக் காட்டி, மறுபடி நம்பு என்பார். ஒத்துழைப்பு என்பவர் பாவசங்கீர்த்தனத்தைக் காட்டுவார். வெஸ்லியின் பிள்ளைகள் வகுப்புக்கு வா என்பார்கள். வாசல் என்பவர் மனந்திரும்பி ஜெபி, மறுபடி தண்ணீர் வேண்டாம் என்பார். இந்த நான்கிலும் வழி இருக்கிறது. "நீ விழவே கூடாது" என்ற பதில் மட்டும் வந்தால் அந்த வகுப்பில் உட்காராதீர்கள்.

நான்கு பக்கத்தாரும் தங்களுடையது என்று உரிமை பாராட்டும் பகுதி ஒன்று உண்டு, பிலிப்பி பட்டணத்துச் சிறைக்காவலர் (அப்போஸ்தலர் 16:30-34). இரட்சிக்கப்பட நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். விசுவாசி என்றார்கள். அந்த இராத்திரியே, பவுல், சீலா இருவரின் அடிபட்ட முதுகைக் கழுவினார். பிறகு வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றார். பிறகு அவர்களுக்குச் சாப்பாடு வைத்தார். ஞானஸ்நானம் அவருக்குக் கட்டளையாக வந்திருக்கும். காயத்தைக் கழுவச் சொல்லி யாரும் அவருக்குச் சொன்னதாக லூக்கா எழுதவில்லை.